வந்தவர் கொணர்ந்த நோயும் வந்த இடம் தந்த நோயும்: பொபினி வைத்தியசாலையை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

பாரிஸ் நகருக்கு வடகிழக்கே, தொழிற்சாலைகளும் காய்கறித் தோட்டங்களும் கலந்து கிடந்த பொபினி என்னும் புறநகரில் 1935 மார்ச் 22-ஆம் தேதி திறந்துவைக்கப்பெற்ற வைத்தியசாலையின் முகப்பு, அக்காலத்துப் பிரெஞ்சு ஆஸ்பத்திரிகளில் வேறெதற்கும் இல்லாத விதமாக, மொராக்கோ தேசத்து அரண்மனை வாயில்களைப்போல் வளைவும் வண்ண ஓட்டுப் பதிப்பும் கொண்டு விளங்குகிறது. அதனைச் சமைத்த இரு கட்டடக் கலைஞருள் ஒருவரான மோரிஸ் மாந்தூ, 1926-இல் பாரிஸில் திறக்கப்பெற்ற பெரிய பள்ளிவாசலின் பணியிலும் பங்கு கொண்டவர். ‘பிராங்கோ-முஸ்லிம் வைத்தியசாலை’ என்று தொடக்கத்தில் வழங்கிய இந்த ஸ்தாபனம் 1978 முதல் மத்தியகால மகாவைத்தியரான இப்னு சீனாவின் பெயரால், பிரெஞ்சு வழக்கில் ‘அவிசென்’ என்று வழங்கிவருகிறது. க்ஷயரோகம், மஞ்சட்காமாலைக்கு மூலமான வைரஸ்கள், எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் அந்நிய நாட்டிலிருந்து பிழைக்க வந்தவரிடத்தில் ஏன் மிகுதியாகக் காணப்படுகின்றன என்ற கேள்விக்குப் பிரெஞ்சு மருத்துவ உலகம் ஏறத்தாழ நூறாண்டுக் காலமாகத் தந்துவந்த விடைகளை ஆராயப் புகுவோர்க்கு இந்த வைத்தியசாலையைக் காட்டிலும் பொருத்தமான நிலைக்களம் வாய்ப்பது அரிது. அந்த விடைகள் அறியாமையிலிருந்து அறிவை நோக்கி நேர்கோட்டில் முன்னேறின என்று கூற இயலாது. ஒரு தலைமுறை கண்டறிந்ததை அடுத்த தலைமுறை மறந்து, அதற்கடுத்தது மீண்டும் பெருஞ்செலவில் கண்டுபிடித்த வரலாறு அது.

முதலாவது கண்டுபிடிப்பு, விசித்திரமாக, பொபினிக்கு முற்பட்டது. முதல் உலக யுத்தத்திலே பிரான்சுக்காகப் போரிடும்பொருட்டு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட, பொதுவாக ‘செனகல் துப்பாக்கி வீரர்’ என்று அழைக்கப்பட்ட படையினர், குளிர்காலத்தைக் கழிப்பதற்காகத் தென்பிரான்சின் பிரெழூஸ் என்னும் கடற்கரை ஊரில் பாசறைகளில் தங்கவைக்கப்பட்டனர். பாஸ்டர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த அமெதே பொரெல் அங்கே அவர்களது புயத்தின் தோலை இலேசாகக் கீறி, ட்யூபர்குலின் என்னும் திரவத்தைத் தடவி, கீறிய இடம் தடித்துச் சிவக்கிறதா என்று பார்த்தார். தடிக்குமாயின் அம்மனிதன் க்ஷயக் கிருமியை எப்போதோ ஒரு காலத்தில் சந்தித்தவன். தடிக்காவிடில் அவனது உடல் அக்கிருமியை அறியாதது. ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோரின் புயம் தடிக்கவே இல்லை. பிரான்சில் சில காலம் வசித்தபின் அவர்களுள் நோயுற்றவர்களையோ, ஐரோப்பியரைப்போல் மார்பை மட்டும் மெல்ல அரிக்கும் வடிவில் அல்லாமல், உடல் முழுவதும் பரவி விரைவிலே கொல்லும் வடிவில் க்ஷயம் பற்றிற்று. 1920-இல் பொரெல் வெளியிட்ட இந்த ஆராய்ச்சியின் பொருள் ஐயத்துக்கு இடமற்றது: நோயை ஆப்பிரிக்கன் கொண்டுவரவில்லை, ஐரோப்பாவின் பாசறையில் பெற்றுக்கொண்டான்.

ஆயினும் அக்காலத்து அறிஞர் இவ்வுண்மையிலிருந்து பாசறையைத் திருத்த வேண்டும் என்ற முடிவுக்கு வருவதினும், கறுப்பினத்தின் உடலே ‘பண்படாத கன்னிநிலம்’ என்ற முடிவுக்கு வருவதிலேயே அதிக ஊக்கம் காட்டினர். நெருக்கமும் குளிரும் இரைச்சலும் நிறைந்த பாசறை கணக்கிலிருந்து நழுவ, இனம் என்பது காரணமாக எஞ்சிற்று. பின்னாளில் இதே நழுவல் வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப நிகழக் காண்போம்.

யுத்தத்துக்குப் பின்னர் அல்ஜீரியாவிலிருந்து, அதிலும் சிறப்பாகக் கபிலியா மலைநாட்டிலிருந்து, பல்லாயிரம் ஆடவர் பாரிஸின் ஆலைகளுக்கு வேலை தேடி வந்தனர். அல்ஜீரியர் சட்டப்படி பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட பிரஜைகளாதலால் அவர்களை அந்நியர் என்று தடுக்கவும் வழியில்லை. குடிமக்களுக்குரிய முழு உரிமையை அவர்களுக்கு வழங்கவும் அரசுக்கு மனமில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையிலே, 1925-இல் பாரிஸ் நகரசபை, காலனி நிர்வாகத்தில் பழகியிருந்த பியேர் கோதேன் என்னும் உறுப்பினரின் தூண்டுதலால், வட ஆப்பிரிக்கரைக் ‘கண்காணிக்கவும் பாதுகாக்கவும்’ என்று லெகோந்த் தெருவில் ஓர் அலுவலகம் அமைத்தது. ஒரே கட்டடத்தில் போலீஸ் படை ஒன்றும், வேலை தேடித் தரும் பிரிவும், இலவச வைத்திய நிலையமும் இயங்கின. இருமலுக்கு மருந்து கேட்கச் சென்றவன் தன் பெயரையும் இருப்பிடத்தையும் போலீஸாரின் அட்டைகளில் விட்டுவிட்டுத் திரும்ப நேர்ந்தது. கண்காணிப்பும் பாதுகாப்பும் ஒரே மூச்சில் உச்சரிக்கப்படுமிடத்தில் பின்னது முன்னதற்குப் போர்வையாகி விடுவது நம்மவர்க்கும் புதிய அனுபவமன்று.

பொபினி வைத்தியசாலை இந்த அலுவலகத்தின் நீட்சியாகவே பிறந்தது. அல்ஜீரியாவில் நிர்வாக அதிகாரியாக இருந்தவரும் லெகோந்த் தெரு அலுவலகத்தை நடத்தியவருமான அடோல்ஃப் ஜெரோலமியே வைத்தியசாலைக்கும் அதிபரானார். முஸ்லிம்களுக்குரிய உணவும், வழிபாட்டுக்கு இடமும், அரபியும் பெர்பரும் பேசுகின்ற பணியாளரும் அங்கே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. நாட்டிலே வேறெங்கும் கிடையாத வசதிகள் அவை. ஆனால் வட ஆப்பிரிக்கத் தொழிலாளர் பலர் நகரின் மேற்கேயுள்ள மோட்டார் ஆலைகளை அடுத்து வாழ்ந்திருக்க, வைத்தியசாலையோ வடகிழக்கு ஓரத்தில் ஒதுங்கி நின்றது. நகரத்துள் உள்ள மற்ற ஆஸ்பத்திரிகளிலோ, அவர்கள் வந்தால் பொபினிக்குத் திருப்பியனுப்புவதற்கு இப்போது ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. தன் எல்லைக்குள் எழுந்தும் தன் மக்களுக்குப் பயன்படாத கட்டடத்தைப் பொபினி நகராட்சி எதிர்த்தது. மெஸ்ஸாலி ஹாஜ் தலைமையிலிருந்த வட ஆப்பிரிக்கர் இயக்கமோ, தம் மக்களை ஏனையோரிடமிருந்து பிரித்துவைக்கும் சூழ்ச்சி என்று கண்டித்தது. படுக்கைகளில் பெரும்பகுதி க்ஷயரோகிகளுக்கே ஆயிற்று. 1937-இல் அதே ஊரில் முஸ்லிம் இடுகாடு ஒன்றும் வைத்தியசாலையைச் சார்ந்து திறக்கப்பட்டது. மருந்தற்ற அக்காலத்தில் அது அவசியமே.

அந்நாளைய மருத்துவ எழுத்துக்களில் வட ஆப்பிரிக்கன் பெரும்பாலும் நோயைச் சுமந்து வருபவனாகவே தோன்றுகிறான். மத்தியதரைக் கடலின் மறுகரையிலே அல்ஜீரிய வைத்தியரோ நேர்மாறான கவலையில் ஆழ்ந்திருந்தனர்: பிரான்சிலே உழைத்து, இருமலோடு மலைக்கிராமத்துக்குத் திரும்பிய ஆடவர் தம் வீட்டாருக்கு க்ஷயத்தைக் கொடுக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. ஒரே கப்பலில் போகும் வழியில் ஆபத்தானவன் என்றும் திரும்பும் வழியில் ஆபத்தானவன் என்றும் கருதப்பட்டவன் ஒருவனே. இரு கரையாரின் குறிப்புகளையும் ஒருசேர வைத்துப் படித்திருந்தால், கிருமி குடியிருந்தது ஜன்னலற்ற வாடகை அறையில் முறைவைத்து உறங்கிய அவனது பாரிஸ் வாழ்க்கையில் என்பது அப்போதே விளங்கியிருக்கும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் லெகோந்த் தெரு அலுவலகம் கலைக்கப்பட்டது. வைத்தியசாலையும் சுற்றுவட்டாரத்து மக்கள் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் வைத்தியரின் மனப்பான்மை அவ்வளவு எளிதில் கலையவில்லை. 1952-இல் ‘எஸ்ப்ரி’ பத்திரிகையில் வெளிவந்த பிரான்ஸ் ஃபனோன் என்னும் மருத்துவரின் புகழ்பெற்ற கட்டுரை, வட ஆப்பிரிக்க நோயாளி வாசலில் நுழையுமுன்பே அவனுடைய நோய் கற்பனை என்று முடிவுகட்டிவிடும் பிரெஞ்சு மருத்துவரின் போக்கை அங்கம் அங்கமாக அறுத்துக் காட்டிற்று. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ‘எல்லா இடத்திலும்’ என்று கூறுபவனை மருத்துவ நூல் ஏற்பதில்லை. அவனுடைய வலி அவனுடைய நிலைமை முழுவதிலும் பரவியிருந்தது என்று கொள்வதற்கு அந்நூலில் அத்தியாயமும் இல்லை.

அதே ஆண்டில்தான் ஐசோனையஸிட் என்னும் க்ஷயரோக மருந்து வழக்கத்துக்கு வந்தது. இங்கே நம் சென்னையின் பங்கு ஒன்றைக் குறிப்பிடாமல் செல்வது நியாயமாகாது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற க்ஷயரோக இரசாயன சிகிச்சை நிலையம், வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியரின் வழிகாட்டுதலில், நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு பிரிவினரை அவரவர் குடிசையிலேயே விட்டும், ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. நெருக்கமான இருப்பிடமும் குறைவான உணவும் இருந்தும் வீட்டில் மருந்துண்டவர் சானடோரியத்தாருக்கு ஏறக்குறைய ஈடாகத் தேறினர். அவருடன் வசித்த குடும்பத்தார்க்கும் அதனால் விசேஷ அபாயம் விளையவில்லை. 1959 முதல் இம்முடிவுகள் வெளியாகவே, நோயாளியைச் சமூகத்திலிருந்து பிரித்து அடைத்தாலொழிய க்ஷயத்தை வெல்லமுடியாது என்ற கொள்கைக்கு உலகெங்கும் அடித்தளம் ஆட்டங்கண்டது. தனித்த வைத்தியசாலை, தனித்த கூடம், தனித்த இடுகாடு என்று வகுத்த பொபினியின் மூலத்திட்டத்துக்கு மருத்துவ அறிவின் பெயரால் கூறக்கூடிய கடைசிச் சமாதானமும் சேத்துப்பட்டிலே தகர்ந்தது எனல் மிகையாகாது.

1960-களில் செனகல் நதிக்கரையிலிருந்து, மாலியிலிருந்து, மொரிட்டானியாவிலிருந்து வந்த ஆடவர், தொழிலாளர் விடுதிகளிலே ஓர் அறைக்குப் பலராக அடைந்தனர். அவர்களிடையே வந்த சில ஆண்டுகளுக்குள் க்ஷயம் வெளிப்படுவதை மார்புப் படங்கள் காட்டின. விடுதிகள் எத்தகையன என்பதை நாடு அறிந்துகொள்ள ஒரு விபத்து வேண்டியிருந்தது: 1970 ஜனவரித் தொடக்கத்தில், பொபினிக்கு அணித்தான ஓபெர்வில்லியே என்னும் ஊரில், குளிருக்கு மூட்டிய தீயின் நச்சுப்புகையால் ஐந்து ஆப்பிரிக்கத் தொழிலாளர் உறக்கத்திலேயே மாண்டனர். 1974 ஜூலையில் பிரான்ஸ் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதன்பின் வந்தவர் மனைவி மக்களாகவும், அடைக்கலம் வேண்டுவோராகவும், வசிப்புச் சீட்டில்லாதவராகவுமே வந்தனர்.

கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களின் வரலாறு இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. பாரூக் பிளம்பெர்க் என்னும் அமெரிக்கர் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் கண்டு 1965-இல் அறிவித்த ஒரு புரதமே ஹெபடைடிஸ் பி வைரஸின் அடையாளம் என்று பின்னர்த் தெளிவாயிற்று. தூர் நகரத்துப் பேராசிரியர் ஃபிலீப் மோப்பா 1976-இல் தடுப்பூசி ஒன்றின் வெற்றியை அறிவித்து, அதனைச் செனகலின் குழந்தைகளிடத்தே கொண்டு சென்றார். இந்நோயின் இயல்பு தனிப்பட்டது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்துக்கு ஒன்பது குழந்தைகளிடத்தில் அது வாழ்நாள் முழுதும் நிலைபெறுகிறது. வளர்ந்தவரைத் தொற்றினாலோ நூற்றுக்கு ஐவரிடத்தில்கூட நிலைப்பதில்லை. ஆதலால் ஆப்பிரிக்கரும் ஆசியரும் சுமக்கும் ஹெபடைடிஸ் பி, பெரும்பாலும், அவர்கள் விமானம் ஏறுவதற்குப் பல்லாண்டு முன்பே மழலைப் பருவத்தில் பெற்றது. ‘கொண்டுவந்தவர்’ என்ற சொல் இங்கே உண்மைக்குப் பொருந்துகிறது. ஆனால் கொண்டுவந்ததைத் தாமே அறியாதவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1989-இல் இனங்காணப்பட்ட ஹெபடைடிஸ் சி விஷயமோ இன்னும் கசப்பானது. எகிப்தியரிடத்தில் அது மிகுந்திருப்பதற்குக் காரணம் தேடியவர்கள், 1950-கள் முதல் 1980-கள் வரை நத்தைக்காய்ச்சல் எனப்படும் புழுநோயை ஒழிக்க அந்நாட்டு அரசு நடத்திய இயக்கத்தில், சரிவரக் கொதிக்கவைக்காத ஊசிகளால் இலட்சக்கணக்கானவருக்கு மருந்தேற்றப்பட்டதைக் கண்டனர். மத்திய ஆப்பிரிக்காவில் காலனி ஆட்சியின் ஊசி இயக்கங்களைப் பற்றியும் இதே ஐயத்தை ஜாக் பெப்பேன் 2011-இல் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நோயாளியின் தேசத்தைக் குற்றஞ்சாட்டும்போது, அத்தேசத்துக்கு அந்நோயைப் புகட்டியது எவருடைய வைத்தியம் என்றும் விசாரிக்க வேண்டியதாகிறது.

எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரையில் பாரிஸ் நகரமே ஆராய்ச்சியின் தலைவாசல். வில்லி ரொஸன்பாம் என்னும் மருத்துவரின் நோயாளி ஒருவரின் நிணநீர்க் கட்டியிலிருந்து 1983-இல் பாஸ்டர் ஸ்தாபனத்தில் பிரான்சுவாஸ் பாரெ-சினூஸி, லுக் மொந்தாஞியே முதலியோர் அவ்வைரஸைப் பிரித்தெடுத்தனர். அதே 1983-இல் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிலையம் ஆபத்துக்குரிய கூட்டங்களின் பட்டியலில் ஹைட்டி நாட்டாரைச் சேர்த்தது. நடத்தையும் அன்று, சிகிச்சை முறையும் அன்று, பிறந்த தேசமே நோய்க்காரணம் என்று அரசாங்கத் தாளில் ஏறிய இந்தக் கொடுமை 1985-இல் நீக்கப்பட்டதாயினும், அதனால் வேலையையும் வீட்டையும் இழந்தவர்க்கு நீக்கம் எவ்விதத்திலும் உதவவில்லை. பிரெஞ்சு அதிகாரிகள் இதனைக் கண்டு எதிர்த்திசையில் தவறினர். எய்ட்ஸ் நோயாளரின் தேசியம் 1980-களிலிருந்தே பதிவேடுகளில் குறிக்கப்பட்டு வந்தும், அவதூறுக்கு இடமளிக்கலாகாது என்ற நல்லெண்ணத்தாலும், பிரஜைகளைப் பிறப்பால் பிரித்துப் பேசுவதைக் குடியரசின் தர்மத்துக்கு விரோதமாகக் கருதும் மரபினாலும், அந்நிய நாட்டு நோயாளரைப்பற்றிய முழு அறிக்கை 1999 வரை வெளிவரவில்லை. வெளிவந்தபோது, புதிய சிகிச்சையால் ஏனையோரிடத்தில் எய்ட்ஸ் விரைந்து குறைந்திருக்க, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரிடத்தில் அவ்வாறு குறையவில்லை என்பதும், அவர்களுள் பலர் க்ஷயம் முற்றி ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகே தமக்கு எச்.ஐ.வி. உண்டென்று அறிகின்றனர் என்பதும் புலப்பட்டன. பழித்தலைப்போலவே மௌனமும் உயிர்களை விலையாகக் கொள்ளும் என்பதே இவ்வாசிரியனின் அபிப்பிராயம். அம்மௌனத்தின் நோக்கம் நல்லது என்பதால் அதன் கணக்கு குறைந்துவிடாது.

ஆராய்ச்சிக்குப் பதிலளிக்க நோயாளி வரவேண்டும். வருவதற்கு அச்சம் நீங்கவேண்டும். இவ்வகையில் 1998-ஆம் ஆண்டு மே மாதச் சட்டம், தன் நாட்டில் சிகிச்சை பெற இயலாத கடும் நோயாளியான அந்நியனுக்கு வசிப்புச் சீட்டுப் பெறும் உரிமையளித்ததும், 2000-இலிருந்து சீட்டில்லாதார்க்கும் அரசு மருத்துவ உதவி கிட்டியதும், எந்தப் பரிசோதனைக் கருவியினும் பெரிய ஆராய்ச்சிச் சாதனங்கள் எனலாம். அதற்கு முன்பே, 1979-இல் தோன்றி, பின்னர்க் கிரெம்லேன்-பிசேத்ர் ஆஸ்பத்திரி வளாகத்தில் நிலைகொண்ட ‘கொமேத்’ என்னும் மருத்துவக் குழு, அடைக்கலம் தேடியோர்க்கு மொழிபெயர்ப்பாளர் துணையோடு முழுப் பரிசோதனை செய்து, எந்த நாட்டாரிடத்தில் எந்நோய் எவ்வளவு என்று ஆண்டுதோறும் எழுதிவைத்தது. இலங்கையிலிருந்து வந்த நம்மவர் பலரும் அக்குழுவின் நோயாளர். பொபினியிலோ, 1979 முதல் தொபி நாத்தான் நடத்திய மனநோய்ச் சிகிச்சையில், நோயாளியின் தாய்மொழியும் அவன் நாட்டு வைத்தியக் கருத்துக்களும் சிகிச்சையின் உள்ளேயே இடம்பெற்றன. இதனை அளவுகடந்து புகழ்ந்தோரும், நோயாளியை அவன் மரபுக்குள்ளேயே சிறைவைக்கும் முயற்சி என்று கண்டித்தோரும் உண்டு. பின்னவர் கூற்றில் சாரம் உண்டென்றே தோன்றுகிறது.

இவையெல்லாம் கூடித்தான் 2012, 2013 ஆண்டுகளில் ‘பர்கூர்’ என்னும் பேராய்வு கைகூடிற்று. அன்னபெல் தெக்ரே து லூ என்னும் மக்கட்தொகையியலார் தலைமையில், பாரிஸ் வட்டாரத்தின் 74 மருத்துவ நிலையங்களில், சஹாராவுக்குத் தெற்கிலிருந்து வந்தவர்களில் எச்.ஐ.வி. உடையவர் 926 பேரும், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உடையவர் 779 பேரும், இவ்விரண்டும் இல்லாது பொது மருத்துவத்துக்கு வந்தவர் 763 பேரும் விசாரிக்கப்பட்டனர். விசாரணையின் உயிர்நாடி ஒரு பெரிய தாள். அதில் ஆண்டுக்கு ஒரு வரியாகப் பிறப்பிலிருந்து இன்றுவரை கோடிடப்பட்டிருக்கும். எங்கே உறங்கினாய், யாரோடு வாழ்ந்தாய், என்ன வேலை, எந்தச் சீட்டு, எப்போது பிள்ளை, எப்போது நோய் என்ற கட்டங்களைப் பேட்டி காண்பவர் நோயாளியோடு சேர்ந்தமர்ந்து நிரப்புவார். நாள் நினைவில்லாதவனுக்கும் ‘மூத்தவள் பிறந்த வருஷம்’, ‘ஓட்டல் அறையை விட்டு வெளியேற்றிய வருஷம்’ என்று ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றொன்றை நினைவுகூர முடிந்தது. இத்தாளோடு, நோய் கண்டறியப்பட்டபோது இரத்தத்திலிருந்த சிடி4 என்னும் நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையை வைத்து, அவை ஆண்டுதோறும் குறையும் வேகத்தைக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டு, தொற்று ஏற்பட்ட காலம் மதிப்பிடப்பட்டது. 2015-இல் வெளியான முடிவு: எச்.ஐ.வி. உடையவருள், மிகவும் எச்சரிக்கையாகக் கணித்தாலும் நூற்றுக்கு 35 பேர், நடுநிலையாகக் கணித்தால் 49 பேர், பிரான்சுக்கு வந்த பின்னரே அதனைப் பெற்றவர்.

அத்தாளின் மற்றக் கட்டங்கள் காரணத்தையும் காட்டின. சீட்டு, சொந்தமாக ஓர் இருப்பிடம், வேலை ஆகிய மூன்றையும் பெறுவதற்கு வந்தவருள் பாதிப்பேருக்கு ஆறேழு ஆண்டுகள் பிடித்தன. நிலையான இருப்பிடமில்லாத ஆண்டுகளிலும் சீட்டில்லாத ஆண்டுகளிலும் உறவுகள் நிலையற்றனவாயின. பெண்கள் சிலர் தங்குமிடத்துக்காகவே உறவுக்கு இணங்கினர், வலுக்கட்டாயத்துக்கும் ஆளாயினர். வியாதியின் விதை ஊரிலிருந்து வந்தது என்ற நெடுநாள் நம்பிக்கைக்கு ஹெபடைடிஸ் பி இன்னும் பெரும்பாலும் சாட்சி சொல்ல, எச்.ஐ.வி.யோ பாதிக்குப்பாதி எதிர்ச்சாட்சி சொல்லிற்று. இனத்தைக் காரணமாகக் கூறாமல் வாடகை அறையைக் காரணமாகக் கூறியது ஒன்றே 1920-ஆம் ஆண்டின் பொரெலிடமிருந்து இவ்வாராய்ச்சியை வேறுபடுத்துகிறது. தொற்றிய இடத்தைப் பற்றி இருவரும் கண்டது பெரும்பாலும் ஒன்றே.

க்ஷயத்தைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. பொபினியைத் தலைநகராகக் கொண்ட சேன்-சேன்-தெனி மாவட்டத்தில் அதன் வீதம் இன்றும் பிரான்சின் சராசரியைப்போல் மும்மடங்குக்குக் குறையாமல் இருந்துவருகிறது. கிருமிகளின் மரபணு அடையாளங்களை ஒப்பிடும் முறை 1990-களில் வந்ததிலிருந்து மேலை ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நடந்த ஆய்வுகள், வந்தவரிடமிருந்து உள்ளூராருக்கு க்ஷயம் பரவுவது சொற்பமே என்று காட்டியிருக்கின்றன.

பர்கூர் ஆய்வுக்கும் ஒரு பெருங்குறை உண்டு. அதனை நடத்தியவர்களே அதை உணர்ந்திருந்தனர். வைத்தியசாலையின் வாசலைக் கடந்தவரை மட்டுமே வைத்தியசாலை எண்ணமுடியும். ஆகவே 2018 முதல் ‘மகாஸி’ என்னும் அடுத்த முயற்சியில், அஃப்ரிக் அவெனீர், அர்கா என்னும் சங்கங்களின் துணையோடு, பரிசோதனை வண்டி பாரிஸ் வட்டாரத்து இரயில் நிலைய முற்றங்களிலும் சந்தைகளிலும் நிறுத்தப்பட்டது. இரத்தம் ஒரு துளி எடுத்தபின், இருப்பிடம் உண்டா, மருத்துவ உதவிக்கு மனுச் செய்தாயா, எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்று தெரியுமா என்று கேட்பதும் அங்கே ஆராய்ச்சியின் பகுதியாயிற்று. இதற்கிடையில், 2017 ஜனவரி முதல், நோயாளியான அந்நியனின் வசிப்புச் சீட்டைப் பற்றி மருத்துவ அபிப்பிராயம் கூறும் பொறுப்பு சுகாதாரத் துறையிடமிருந்து எடுக்கப்பட்டு, குடியேற்றத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகத்தின் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கண்காணிப்பையும் வைத்தியத்தையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்த 1925-ஆம் ஆண்டின் ஏற்பாட்டோடு இதனை ஒப்பிடுவது மிகையென்று அவ்வலுவலகத்தார் கூறுவர். சீட்டுக்காக அங்கே மருத்துவச் சான்றை நீட்டுகின்றவன் அவ்வாறு கருதுவானா என்பதை இனிவரும் ஆய்வுகளின் தாள்களில் ஒரு கட்டமாகச் சேர்த்து, அவனையே கேட்டுத்தான் அறியவேண்டும்.